தமிழ்த் திரையின் முதற்குரலை மறைத்தவர் யார்?

1931-ஆம் ஆண்டு அக்குதோபர்த் திங்கள் 31-ஆம் நாள், சென்னையில் 'கினிமா சென்ட்ரல்' என்னும் பெயரோடு இயங்கிப் பின்னாளில் முருகன் திரையரங்கு எனப் பெயர் மாறிய கொட்டகையில் 'காளிதாசு' என்னும் பேசும்படம் திரையிடப்பெற்றது. தமிழின் முதற் பேசும்படம் என்று திரை வரலாறு எழுதுவார் அனைவரும் அதனைக் குறிப்பர். குறித்த கையோடு, அதனை எடுத்த முதலாளி யார், இயக்கியவர் யார் என்று பட்டியலிடுவர். ஆனால் அப்படத்தில் தமிழ் பேசியவர் யார் என்னும் வினாவை எழுப்புவார் அரியர்.

அப்படத்தின் தலைவனாக நடித்த வெங்கடேசன் பேசியது தெலுங்கு. துணை மாந்தருள் ஒருவராக வந்த எல். வி. பிரசாத்து பேசியது இந்தி. இயக்கிய எச்சு. எம். இரெட்டி தெலுங்கர். பணம் முடக்கிய அர்தேசிர் இரானி மும்பைப் பார்சியர். படம்பிடித்த இடமும் மும்பையே. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'ஆலம் ஆரா' என்னும் படத்திற்கென எழுப்பிய காட்சியமைப்புகளே இதற்கும் பயன்பட்டன. ஊர் தமிழ்நாடன்று, முதல் தமிழரதன்று, கதை வடமொழிப் புலவன் ஒருவனுடையது. இத்தனைக்கும் நடுவில், 'இது தமிழ்ப் படம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அப்படத்திற்கு ஈட்டித்தந்த தலைமை மாந்தர் ஒருவரே. வித்தியாதரி என்னும் இளவரசியாக நடித்த, இருபது அகவையளவிலான ஒரு பெண். அவர் திருவையாறு பஞ்சாபகேச இராசலட்சுமி, டி. பி. இராசலட்சுமி என்று நாடறிந்தவர்.

அவர் அன்று அப்படத்தில் இல்லாதிருந்தால், முதல் தமிழ்ப் படம் என்னும் பெயரை அது பெற்றிருக்க வழியில்லை. தலைவன் தெலுங்கில் வினவத் தலைவி தமிழில் விடையிறுத்தாள். இன்று நினைப்பார்க்கு அது நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆயினும் அந்நகைப்பினூடே ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது. எதிரே நிற்பவன் எம்மொழி பேசினும், தன் மொழியிலேயே விடை சொல்லி நின்றாள் அத் தமிழ்ப்பெண். சென்னைச் சட்டமன்றத்திலும் சென்னைக் கடற்கரையிலும் பிற்காலத்தார் எத்தனையோ முழக்கமிட்டுக் கேட்ட உரிமை, அறிந்தோ அறியாமலோ, ஒரு நாடகக்காரியின் வாயில் அன்றே நடைமுறையாக நின்றது.

அவர் வந்த வழி எளிய வழியன்று. 1911-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துப் பார்ப்பனக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பத்து அகவைக்கு முன்பே மணம் செய்து வைக்கப்பெற்றார். அம் மணம் நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்தார். தாயும் மகளும் திருச்சிராப்பள்ளிக்குப் பிழைப்பு நாடிச் சென்றனர். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேறியது 1929-இல். இராசலட்சுமிக்கு அது பத்தாண்டுக் காலம் பிந்தி வந்தது. சாத்திரம் வகுத்த நெறிப்படி, கணவன் துணையற்ற அச் சிறுமி அடுக்களை மூலையில் முக்காடிட்டுக் கிடந்திருக்க வேண்டும். அவர் நாடக மேடையில் ஏறினார். பதினோர் அகவையளவில் அரிதாரம் பூசினார்.

மேடை ஏறுவதென்பது அந்நாளில் ஒரு பெண்ணுக்கு என்ன பொருளுடையது என்பதை இன்றையோர்க்கு விளக்கியாதல் வேண்டும். நாடகத்திற் பெண் வேடத்தையும் ஆண்பிள்ளைகளே புனைந்த காலம் அது. மேடையேறிய பெண்டிரோ பொட்டுக்கட்டும் குலத்தவர் என்று ஊரால் ஒதுக்கப்பெற்றோர். அவர்தம் பாட்டைக் கேட்க மட்டும் அதே ஊர் விடிய விடியக் கண்விழிக்கும். விடிந்தபின் அவர்க்குக் குடிக்கூலிக்கு வீடு கொடாது. அத்தகைய காலத்தில், சாத்திரி குடும்பத்து மகள் தானே விரும்பி மேடையேறினாள் என்றால், எரிந்தது அவள் உறவினர் வயிறு மட்டுமோ? சாத்திரமே எரிந்தது. சங்கரதாசு அடிகளின் நாடகங்கள் ஊர்தோறும் கோலோச்சிய அக்காலத்தில் 'பவளக்கொடி'யாகவும் பிறவாகவும் வேடம் பூண்டு, பிறர் உதவியின்றித் தம் தொண்டையாலேயே கொட்டகையின் கடைசி வரிசை வரையில் தமிழைக் கொண்டு சேர்த்தார். ஒலிபெருக்கி மேடைக்கு வாராத நாள்கள் அவை என்பதை மறத்தலாகாது.

பேசாப் படக் காலத்திலேயே அவர் திரைக்கு வந்துவிட்டார். 1929-இல் சென்னையில் ஏ. நாராயணன் எடுத்த 'கோவலன்' என்னும் ஊமைப் படம் அவர்க்கு முதல் வாயில். தமிழனின் தலைக்காப்பியமாகிய சிலம்பின் கதை ஊமையாக ஓடிற்று. வாய்வந்தபோதோ வடநாட்டுக் காளிதாசன் வந்து முதலிடத்தை எடுத்துக்கொண்டான்! இதனைத் தற்செயல் என்பார் என்க. பணமுடை வைத்திருந்தவன் மும்பையில் இருந்தான்; கதையும் அவன் பையிலிருந்தே வந்தது. முதலீடு எங்கிருக்கின்றதோ அங்கிருந்தே கதை வரும் என்னும் நடைமுறை அன்று தொடங்கியது. அதற்குப் பின் அது முற்றாக நீங்கிய நாளும் இல்லை. ஒலிப்படக்கூடம் சென்னையில் எழுந்தது 1934-இற்றான். அதனையும் அந் நாராயணனே எழுப்பினார். அவர் துணைவியார் மீனாட்சி ஒலிப்பதிவுப் பணியைத் தாமே மேற்கொண்டார். தமிழ்நாட்டுத் திரையில் முதலிற் பேசியதும் ஒரு பெண். தமிழ்நாட்டு ஒலிக்கூடத்திற் பேச்சைப் பதிந்ததும் ஒரு பெண். ஆனால் திரைத்துறையின் விழா மேடைகளிலோ மாலை மரியாதையெல்லாம் மீசை வைத்தவர்க்கே!

1933-இல் 'வள்ளி திருமணம்' வந்தது. கோவைச் சாமிக்கண்ணு வின்சென்டின் முயற்சியில் கல்கத்தாவில் எடுக்கப்பெற்ற படம் அது. தினைப்புனம் காத்த குறமகள் வள்ளியாக இராசலட்சுமி நடித்தார். வடநாட்டு இளவரசி வித்தியாதரி போய், மலைநாட்டு வள்ளி வந்தாள், தமிழ்மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று கண்டனர், பணம் குவிந்தது. தமிழ்க் கதைக்கு வருவாய் இல்லை என்று கூறும் வணிகர்க்கு 1933-லேயே விடை கிடைத்துவிட்டது. விடை கிடைத்தும் வினா மட்டும் ஓயவில்லை. அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்துகொண்டார். குழந்தை மணத்தால் கைவிடப்பட்ட பெண் தானே தேர்ந்து மறுமணம் செய்துகொண்ட செய்தி அது. மேடையில் சீர்திருத்தம் பேசி வீட்டில் சாத்திரம் பார்த்த பெருமக்கள் பலர் உலவிய நாளில், ஒரு நடிகை பேசாமலேயே அதனைச் செய்து காட்டினார்.

அவர் வாழ்வின் உச்சம் 1936. 'கமலவல்லி' என்னும் புதினத்தை முன்னரே எழுதியிருந்தார். ஒருவனை விரும்பிய பெண்ணைப் பெற்றோர் மற்றொருவனுக்கு மணமுடிக்க, மணந்தவன் உண்மையறிந்து அவளை அவள் விரும்பியவனோடு சேர்த்துவைக்கும் கதை. அதனைத் தாமே திரைவடிவாக்கி, தாமே பணம் முடக்கி, தாமே இயக்கி, தாமே நடித்து வெளியிட்டார். இந்திய அளவில் 1926-இலேயே பாத்திமா பேகம் என்னும் அம்மையார் மும்பையில் ஒரு படத்தை இயக்கியிருந்தார். தென்னாட்டில் அவ்வாறு செய்த முதற்பெண் இராசலட்சுமியே. புராணத்தைத் தவிரப் பிறிதொன்று ஓடாது என்று படமுதலாளிகள் அஞ்சிக் கிடந்த காலத்தில், கட்டாய மணத்தை எதிர்க்கும் சமுதாயக் கதையை ஒரு பெண் தன் பணத்தில் எடுத்தாள். படத்தின் பெயரோ 'மிசு கமலா'!

தமிழ்ப் பற்றாளர் சிலர் இவ்விடத்தில் முகஞ்சுளிப்பர். சுளிப்பதில் தவறில்லை. 'கமலவல்லி' என்னும் பெயராவது செவிக்கு இனிதாயிருந்தது. அதனையும் நீக்கி ஆங்கில முன்னொட்டைப் பூட்டிக்கொண்டது அடிமை நாட்டு நாகரிகத்தின் தழும்பே. அதனை மறைத்துப் பாராட்டுரை எழுதுவது நேர்மையன்று. அவர்க்கு வழங்கிய பட்டத்தையும் பார்க்கலாம்: 'சினிமா ராணி'. இரண்டு சொல்லில் ஒன்றேனும் தமிழில்லை. 'திரையரசி' என்று சொல்ல அன்று எவர் நாவுக்கும் வரவில்லை போலும்.

அதே பற்றாளர் மேலும் இரு குற்றம் சாற்றுவர். பார்ப்பனக் குடும்பத்திற் பிறந்தவர் என்பது ஒன்று. முதற் படத்திலேயே தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடினார் என்பது மற்றொன்று. முதற் குற்றத்தில் உள்ளீடு இல்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பவன் ஆரியன் என்று பழித்துவிட்டு, பிறப்பைக் கொண்டே ஒரு பெண்ணைத் தள்ளுவது எந்த நெறி? அக்குலம் விதித்த நெறியை மீறி, அக்குலத்தாராலேயே இகழப்பட்டு மேடையேறியவர் அவர். இரண்டாங் குற்றம் உண்மையே. ஆயினும் அவ்வாண்டைக் கருதிப் பார்த்தல் வேண்டும். தமிழிசைக்கென அண்ணாமலை அரசர் முன்னின்று தமிழிசைச் சங்கம் கண்டது 1943-இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னர், தமிழ்ப் பாட்டைத் துக்கடா என்று ஒதுக்கிய இசையரங்குகளின் நடுவே, ஒரு நாடக நடிகை மட்டும் தனித்து நின்று எதிர்த்திருக்க வேண்டும் என்பது அரண்மனையை விட்டு வாயிற்காவலனோடு வழக்காடுவது போன்றது. அப்படத்தில் அவர் பாடியவை கீர்த்தனைகள் மட்டுமல்ல. மதுரை பாசுகரதாசு எழுதிய தமிழ்ப் பாட்டுகளும் அதில் இடம்பெற்றன. அவற்றுள் நாட்டு விடுதலையையும் காந்தியடிகளின் கைராட்டையையும் பற்றிய பாட்டுகளும் உண்டு. காளிதாசன் காலத்து அரண்மனையில் கைராட்டை எங்ஙனம் வந்தது என்று எவரும் கேட்டிலர். கொட்டகையிற் குழுமிய மக்கள் கேட்க விரும்பியது காளிதாசனையன்று; தங்கள் காலத்தைப் பற்றித் தங்கள் மொழியில் ஒரு குரலை. அக்குரலை அவர் கொடுத்தார்.

இனி, மறைப்பு எங்கே தொடங்கிற்று என்பதைப் பார்த்தல் வேண்டும். பேசும்படத்தின் முதற் சில ஆண்டுகளில் நடிப்பவரே பாட வேண்டும், நடிப்பவரே பேச வேண்டும். படப்பிடிப்பின்போதே ஒலியும் பதிவாகும். எனவே தமிழ் பேசத் தெரியாதவர்க்குத் தமிழ்த் திரையிற் பெரிய இடம் இல்லாதிருந்தது. தொழில்நுட்பக் குறையே மொழிக்கு வேலியாக நின்ற காலம் அது. இந்நிலை மாறத் தொடங்கியது 1938-இல். ஏ. வி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' என்னும் படத்தில், தேவகியாக நடித்தவரின் பாட்டு நிறைவளிக்கவில்லை என்று, லலிதா வெங்கடராமன் என்னும் பாடகரைப் பாடவைத்து அக்குரலை நடித்தவரின் வாயசைவோடு பொருத்தினர். தமிழ்த் திரையில் இரவற்குரல் புகுந்தது அப்படத்தில்தான். 1944-இல் அவரே கன்னட 'அரிச்சந்திரா'வைத் தமிழ்ப் பேச்சுக்கு மாற்றி வெளியிட்டார். மொழிமாற்றுப் படம் என்னும் வகை அதனோடு இங்கு வேர்கொண்டது.

'நந்தகுமார்' படத்தில் யசோதையாக நடித்தவர் யார்? இராசலட்சுமியே. தமிழ் முதலிற் பேசிய படத்திலும் அவர் இருந்தார். தமிழ்த்திரை முதலிற் குரல் இரவல் வாங்கிய படத்திலும் அவர் இருந்தார். இடைப்பட்டது ஏழே ஆண்டு.

பாட்டுக்கு இரவற்குரல் கொள்வதைக் குறைகூறுதற்கில்லை. பாட்டு ஒரு தனிக் கலை. அதற்கென்று பிறந்தவர் பாடுவதால் மொழிக்கு ஆக்கமே. பேச்சு அத்தகையதன்று. பேச்சு ஒருவரின் உயிர்ப்பு. அந் நாளிலும் பிறமொழியிற் பிறந்த நடிகையர் தமிழ்த் திரைக்கு வந்தனர். தெலுங்கிற் பிறந்த பானுமதியும் சாவித்திரியும், மலையாள நாட்டிற் பிறந்த பத்மினியும், கன்னடத்திற் பிறந்த சரோசாதேவியும் வந்தனர். வந்தவர் தமிழ் கற்றனர். தம் சொந்தக் குரலிற் பேசினர். சரோசாதேவியின் தமிழிற் கன்னடச் சாயல் இருந்தது, இருந்தால் என்ன? அது அவர் நாவிற் பிறந்த தமிழ். வந்தவர் மொழியைக் கற்கும் அளவுக்குத் தமிழுக்கு அன்று ஒரு மதிப்பு இருந்தது, அதுவே பொருள். பிறப்பன்று வழக்கு, பேச்சே வழக்கு.

பின்வந்த காலத்தில் நிகழ்ந்தது வேறு. வடபுலத்திலிருந்து தலைவியர் வரவழைக்கப்பெற்றனர். அவர்க்குத் தமிழ் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும் என்று எவரும் கேட்பதும் இல்லை. உரையாடலுக்கு மாறாக எண்களை எண்ணி வாயசைத்து நடித்தோர் உண்டு என்பது திரைத்துறையார் தாமே நகைத்துச் சொல்லும் செய்தி. தமிழச்சி அழ வேண்டிய இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று! பின்னர் இருட்டறையில் ஒரு தமிழ்ப் பெண் அமர்ந்து, திரையில் அசையும் அயல்வாய்க்குத் தன் அழுகையையும் சிரிப்பையும் சினத்தையும் கடன் கொடுப்பாள். முகத்திற்குப் பெருந்தொகை, குரலுக்குக் கூலி. முகத்திற்கு நாடெங்கும் சுவரொட்டி. குரலுக்குப் பெயரே இல்லாத படங்கள் பல. 1931-இல் தமிழ்ப்பெண்ணின் வாய் மட்டுமே தமிழ் பேசிற்று. சுற்றியிருந்தோர் பிறமொழி பேசினர். பிற்காலத்திற் சுற்றியிருப்போர் அனைவரும் தமிழ் பேசுவர். தலைவி மட்டும் பேசமாட்டாள். இதனை வளர்ச்சி என்று கொண்டாடும் திரைத்துறையார்க்கு நாணம் என்பது அகரமுதலியில் மட்டுமே உள்ள சொல் போலும்.

தமிழ்த் தோற்றமுடைய பெண்கள் நாட்டில் இல்லையா? கறுப்பு நிறம் திரைக்கு ஆகாது என்று சொல்வோர், அந்நிறமுடைய ஆடவரைத் தலைவராக்கிக் கோடிகோடியாக ஈட்டியவரே ஆவர். ஆணுக்குக் கறுப்பு அழகு. பெண்ணுக்கு மட்டும் அது குற்றம். இங்கு மொழியடிமையும் நிறவடிமையும் பெண்ணடிமையும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்றை மட்டும் அறுக்கப் புகுவார் கயிற்றை அறுத்தாரல்லர்.

2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு, தமிழிற் பெயர் சூட்டும் படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. நற்செயலே. உடனே படமுதலாளிகள் அகரமுதலியைப் புரட்டத் தொடங்கினர். ஆங்கிலப் பெயர்கள் உதிர்ந்தன. பற்றினால் வந்த மாற்றமோ அது? 2017-இற் சரக்கு-சேவை வரி வந்து அவ்விலக்குப் பொருளற்றுப் போனதும், ஆங்கிலப் பெயர்கள் மீண்டும் தலைகாட்டின. வரியோடு வந்த தமிழ் வரியோடே போயிற்று. அவ்விலக்கு நடைமுறையிலிருந்த காலத்திலும் அரசு பெயர்ப்பலகையைத்தான் பார்த்தது, வாயைப் பார்க்கவில்லை. தலைப்பில் தமிழும் தலைவியின் நாவிற் பிறமொழியுமாக வெளிவந்த படங்கள் வரிவிலக்கைப் பெற்றுக்கொண்டே சென்றன. தமிழ்ப் படமென்று நடுவணரசும் மாநில அரசும் பரிசளிக்குமிடத்து, தலைமை நடிகர் தம் சொந்தக் குரலில் தமிழ் பேசியிருத்தல் வேண்டும் என்று ஒரு விதி வகுக்கத் தடையென்ன? இரவற்குரல் தவிர்க்கவியலாத இடத்தில், குரல் தந்தவர் பெயரை நடித்தவர் பெயரோடு ஒரே அளவெழுத்தில் திரையிற் காட்டக் கட்டளையிடத் தடையென்ன? இவற்றிற்குப் புதிய வரி வேண்டியதில்லை. துணிவு ஒன்றே போதும்.

இராசலட்சுமியின் பிற்காலம் துன்பமானது. படம் எடுத்தவர்க்கு வரும் இழப்பு அவர்க்கும் வந்தது. ஈட்டிய பொருளெல்லாம் கரைந்தது. புதிய முகங்கள் வந்தன. பழைய குரல் ஒதுக்கப்பெற்றது. 1950 அளவில் சிறு வேடங்களில் வந்துபோனார். 1935-இல் 'நந்தனார்' படத்திற்குக் கே. பி. சுந்தராம்பாள் ஓர் இலக்கம் உருவா பெற்றதைத் திரைவரலாறு வியந்து சொல்லும். அதற்கு நான்காண்டு முன்னர்ப் பேசும்படத்தின் வாயிலைத் திறந்துவிட்டவர் எத்தகைய நிலையில் முடிந்தார் என்பதை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடும்.

மெய்யாகவே அவர் குரலைக் கேட்க வேண்டுமென்று இன்று ஒருவர் விரும்பினால், கேட்க வழியில்லை. 'காளிதாசு' படத்தின் படி ஒன்றேனும் எஞ்சவில்லை. மும்பையிலிருந்து வந்த படச்சுருளைச் சென்னையில் மக்கள் பூச்சொரிந்து வரவேற்றனர் என்பர். பூச்சொரிந்த கைகள் அதனைக் காத்துவைக்கக் கற்கவில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் வேதியற் பொருளாலானது. ஓடி முடிந்த சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க எரித்து உருக்குவதும் வணிகரின் வழக்கமாயிருந்தது. 1931 முதல் 1940 வரையிலான தமிழ்ப் பேசும்படங்களிற் பெரும்பகுதி இங்ஙனமே அழிந்தது. எஞ்சியவை பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் துண்டுகளும் சில ஒளிப்படங்களுமே. பழைய நூல்களும் ஏடுகளும் கிடைத்து வந்த சென்னை மூர் அங்காடியும் 1985-இல் தீக்கிரையாயிற்று.

இந்தியத் திரைப்படக் காப்பகம் புனேயில் நிறுவப்பெற்றது 1964-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில். டி. பி. இராசலட்சுமி மறைந்தது அதே ஆண்டு ஆகத்துத் திங்களில். தமிழ்ப் படத்தைக் காக்கும் பெட்டகமும் தமிழ்நாட்டில் அமையவில்லை. மராட்டிய மண்ணிலேயே அமைந்தது. தமிழ்நாட்டரசு தன் மண்ணில் தனக்கென ஒரு திரைப்படக் காப்பகம் அமைத்து, வீடுகளின் பரண்களிலும் மூடிய கொட்டகைகளின் கிடங்குகளிலும் கிடக்கும் சுருள்களையும் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விலைகொடுத்துத் திரட்டுதல் வேண்டும். 'மிசு கமலா'வின் ஒரு சுருளேனும் எங்கேனும் துருப்பிடித்த தகரப் பெட்டியிற் கிடக்கின்றதா என்று தேடும் பணியை அக்காப்பகத்தின் முதற் பணியாகக் கொள்ளலாம். ஒவ்வொரு கோடையின் வெப்பத்திலும் அச் சுருள்கள் மேலும் சிறிது இளகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.